தரங்கம்பாடிச் சீகன்பால்கையர்: விசுவாசமும் நற்கிரியையும்

சவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரைச் சூழ்ந்த சிற்றூர்களில் வாழும் மலையாளி என்னும் மலைவாழ் மக்களுக்கு வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியார் பல்லாண்டுகளாக மருத்துவத் தொண்டு ஆற்றி வந்துள்ளமை அப்பகுதியார் அறிந்ததே. அம்மலையடிவாரத்தில் வாழும் சைவ அன்பர் ஒருவர், கிறித்தவர் இத்தகைய அறச்செயல்களாற் பேரின்ப வீட்டை எய்தலாம் எனக் கருதியோ இவற்றைச் செய்கின்றனர் என்று எம்மை வினவினார். வினா எளிது, விடை அத்துணை எளிதன்று. கிறித்தவருள் லுத்தர் வழி நிற்போர், மனிதன் செய்யும் எந்த நற்செயலும் அவனுக்கு வீடு தாராது என்று அறுதியிட்டுக் கூறுவர். கூறியவரே பள்ளியும் மருத்துவசாலையும் கட்டுவர். இவ்விரண்டும் எங்ஙனம் ஒருங்கு பொருந்தும்?

இவ்வையம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. முந்நூறு ஆண்டுகட்கு முன்னரே தமிழ்மக்கள் இதனை ஒருவர் முகத்துக்கு நேரே எழுப்பினர். அவர்தாம் தரங்கம்பாடிக்கு வந்த முதற் புராட்டஸ்டாந்துப் போதகராகிய பர்த்தலமேயு சீகன்பால்கையர். கொள்கையைத் தனியே எடுத்து விரித்தலினும், அக்கொள்கையோடு வாழ்ந்து அதனால் அலைப்புண்ட ஒருவர் சரிதத்தைக் கூறுதல் தெளிவு பயக்கும் என்று கருதி, அதனை ஈண்டு எழுதத் துணிந்தாம்.

சீகன்பால்கையர் 1682-ஆம் ஆண்டு ஜெர்மனி தேசத்துச் சாக்சனி நாட்டில் புல்ஸ்நிட்ஸ் என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் தானிய வணிகர். தாய் தந்தையர் இருவரும் இவரது இளமையிலேயே இறந்தனர். அன்னையார் இறக்குந் தறுவாயில் மக்களை அருகழைத்து, அவர்கட்கெனத் தாம் பெருஞ்செல்வம் சேர்த்து வைத்திருப்பதாகவும், அதனை வேதப்புத்தகத்தில் தேடிக்கொள்ளும்படியும் கூறினர் என்பது அவர் சரிதம் எழுதினோர் யாவரும் தவறாது கூறும் செய்தி. பொருட்செல்வத்தை எதிர்நோக்கிய பிள்ளைகட்கு அச்சொல் அப்பொழுது எவ்வாறிருந்ததோ, அறியோம். இவருக்கு மட்டில் அது வாழ்நாள் முழுதும் நின்றது. உடம்போ தொடக்கமுதலே நோய்ப்பட்ட உடம்பு. கோர்லிட்ஸ், பெர்லின் நகரங்களிற் பயின்று, 1703-ஆம் ஆண்டு ஹாலே நகரத்துக் கல்விக்கழகம் புக்கார். நோயினால் ஆண்டும் நெடுநாள் தங்கக்கூடவில்லை. ஆயினும் அச்சில நாட்களே அவரை உருவாக்கின.

ஹாலே நகரம் இவருக்குத் தந்தது யாது என்பதனை அறிதற்கு, லுத்தர் கொள்கையைச் சிறிது விளக்குதல் வேண்டும். லுத்தர் என்பார் முதலில் ஒரு துறவி. உண்ணாநோன்பு, இரவு விழிப்பு, பாவ அறிக்கை என்று தம் சமயம் விதித்தனவெல்லாம் அளவுக்கு மிஞ்சிச் செய்தும், இறைவன் தம்மை ஏற்றுக்கொண்டான் என்னும் துணிவு அவருக்கு உண்டாகவில்லை. செய்தது போதுமா போதுமா என்னும் அச்சமே மேலிட்டது. அந்நிலையிற் பவுல் அடிகள் உரோமர்க்கு வரைந்த திருமுகத்தை ஓதி ஆராய்ந்து, மனிதன் கடவுள் முன் நீதிமானாகக் கொள்ளப்படுவது தன் செயலால் அன்று, கிறிஸ்துவின்பால் வைத்த விசுவாசம் ஒன்றினாலேயே என்று துணிந்தார். 1517-ஆம் ஆண்டு தொடங்கிய கலகம் இதன்மேல் எழுந்ததே. உரோமைச் சபையார் 1547-ஆம் ஆண்டு திரெந்து நகரச் சங்கத்திற் கூடி, அருளே முதற்காரணம் ஆயினும் அன்போடும் நற்செயலோடும் கூடாத விசுவாசம் வீடு தாராது என்று எதிர்மொழி வகுத்தனர். அவர்க்குத் துணையாய் நின்றது யாக்கோபு எழுதிய திருமுகம். செயலற்ற விசுவாசம் உயிரற்றது என்பது அதன் கருத்து. அத்திருமுகத்தை லுத்தர் அத்துணை மதித்தாரல்லர்.

எனினும் லுத்தர் நற்செயலைத் தள்ளினார் என்று கொள்ளுதல் பிழை. நற்செயலால் மனிதன் நல்லவன் ஆகான். நல்லவனாக்கப்பட்டவன் நற்செயல் செய்யாதிரான் என்பதே அவர் கொள்கை. கனியைக் கொணர்ந்து கிளையிற் கட்டியதனால் மரம் மாமரம் ஆகிவிடாது. மாமரம் ஆயின் அது பருவத்திற் காய்த்தே தீரும். 1530-ஆம் ஆண்டில் ஆக்ஸ்புர்க்கு நகரில் அவர் பக்கத்தார் அளித்த விசுவாச அறிக்கையிலும் இதனையே காணலாம்.

நூற்றைம்பது ஆண்டுகள் கழிந்தன. லுத்தர் சபையில் மரம் இருந்தது, காய் அருகிவிட்டது. கொள்கையை வாயாற் கூறினோர் பலர், வாழ்ந்தோர் சிலர். 1675-ஆம் ஆண்டு ஸ்பேனர் என்பார் இதனை எடுத்துக் கடிந்து ஒரு நூல் வெளியிட்டார். அவர்பின் வந்தோரே பக்திநெறியாளர். அவருட் சிறந்தவராகிய பிராங்கே என்னும் ஆசிரியர், 1695-ஆம் ஆண்டு தம் வீட்டு உண்டியலில் வீழ்ந்த சில வெள்ளிக்காசுகளை முதலாகக் கொண்டு ஹாலேயில் ஏழைப்பிள்ளைகட்குப் பள்ளி தொடங்கினார். அது சில ஆண்டுகளில் அனாதைச்சாலையும் மருந்துச்சாலையும் அச்சுக்கூடமுமாய்ப் பெருகிற்று. விசுவாசம் ஒன்றே என்று போதித்த ஆசிரியரது முற்றத்தில் நூற்றுக்கணக்கான ஏழைச்சிறார் உண்டு பயின்றமையைச் சீகன்பால்கையர் தம் கண்ணாரக் கண்டார். வாதத்தால் விளங்காதது காட்சியால் விளங்கிற்றுப் போலும்.

இந்நிலையில் டென்மார்க்கு அரசர் நான்காம் பிரெடரிக்கு, தம் ஆட்சிக்குட்பட்ட தரங்கம்பாடிக்குப் போதகரை விடுக்க விழைந்தார். தஞ்சை இரகுநாத நாயக்கரிடமிருந்து 1620-ஆம் ஆண்டு டேனியர் பெற்ற ஊர் அது. சீகன்பால்கையரும் அவர் தோழர் புளுச்சோ என்பாரும் கோப்பனேகன் நகரில் குருப்பட்டம் பெற்று, 1705-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களிற் கப்பலேறி, 1706-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் நாள் தரங்கம்பாடி வந்திறங்கினர். அரசர் ஆணையொடு வந்தோரைக் கோட்டைத் தலைவராகிய ஹாசியுஸ் என்பார் வரவேற்றிலர். நெடுநேரம் வெயிலிற் காத்து நின்று, பின்னர் இடமின்றித் தெருவில் விடப்பட்டனர். வணிகத்துக்கு வந்த கூட்டத்தார்க்குப் போதகர் இடையூறாகவே தோன்றினர்.

தமிழ் கற்கத் தொடங்கிய முறை நினைத்து மகிழத்தக்கது. முதிய உபாத்தியாயர் ஒருவரைத் தம் இல்லத்துக்கே பள்ளியோடு வரவழைத்து, சிறுபிள்ளைகளோடு தாமும் தரையிலமர்ந்து மணலில் விரலால் எழுத்தெழுதிப் பயின்றார். மொழிபெயர்ப்பாளராய் இருந்த அழகப்பன் என்பார் துணையாயினார். இரண்டாண்டுகட்குள் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளைத் திரட்டி, அவற்றுக்கு ஒரு பட்டியும் 1708-ஆம் ஆண்டில் எழுதினார். திருக்குறளும் சிவவாக்கியர் பாடலும் அவர் அறிந்து போற்றியவற்றுள் அடங்கும்.

1707-ஆம் ஆண்டு மே திங்களில் அவரிடம் முதன்முதல் ஞானஸ்நானம் பெற்றோர் ஐவர். அவ்வைவரும் அவ்வூர் ஐரோப்பியர் வீட்டு அடிமைகள் என்பதனை அன்பர்கள் ஊன்றி நோக்குதல் வேண்டும். தானஞ் செய்யப் பொருளில்லை. தலயாத்திரை செய்ய உரிமையில்லை. தம் உடம்பும் தமதன்று. செயலால் வீடு என்னும் நெறி அவர்க்கு அடைத்த கதவமே. ஒன்றுங் கொணராதவனையும் இறைவன் ஏற்பான் என்னும் மொழி அவர் செவியில் எவ்வாறு பாய்ந்திருக்கும் என்பதை அறிதற்குப் பெரும்புலமை வேண்டா. விசுவாசத்தால் மட்டுமே வீடு என்னும் கொள்கையின் வலியெல்லாம் இவ்விடத்தே உள்ளது என்பது எம் கருத்து. அவ்வாண்டு ஆகஸ்டு 14-ஆம் நாள் ஒரு சிறு கோயிலும் எழுந்தது. பள்ளியும் தொடங்கிற்று, பின்னாளிற் பெண்மக்கட்கும் பள்ளி உண்டாயிற்று.

ஏழைக்குப் பரிந்து நிற்றல் அவருக்குக் கேட்டையும் தந்தது. கணவனை இழந்த தமிழ்ப்பெண் ஒருத்தியின் கடன்வழக்கில் அவள் பக்கம் நின்று பேசியதன் பின்னர்க் கோட்டைத் தலைவரோடு பகை முற்றி, 1708-ஆம் ஆண்டின் இறுதியில் டான்ஸ்பர்க்குக் கோட்டைச் சிறையில் இடப்பட்டார். நான்கு திங்கள் ஆண்டிருந்தார். எழுதுகோலும் தாளும் மறுக்கப்பட்டன. அவரைச் சிறையிட்டவரும் கிறித்தவரே, அதுவும் அவரது சபையையே சார்ந்தவர். விசுவாச அறிக்கையை மனப்பாடமாக ஒப்பிக்க வல்லவர்.

இனி இச்சரிதத்தின் நடுவிடத்துக்கு வருவாம். 1708-ஆம் ஆண்டிலேயே அவர் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி என்னும் மூன்று நூல்களையும் ஜெர்மன் மொழியிற் பெயர்த்தார். தமிழர் அறிவற்ற காட்டுமாக்கள் என்று எண்ணியிருந்த தம் நாட்டார்க்கு, இம்மக்கள் நல்லொழுக்கத்தை எத்துணை நுட்பமாக உணர்ந்தோர் என்று காட்டுதல் அவர் நோக்கம். தமிழர் பலருடைய ஒழுக்கம் ஐரோப்பியக் கிறித்தவர் ஒழுக்கத்தினும் மேம்பட்டது என்று எழுதவும் அவர் அஞ்சவில்லை. ஆயினும் அவர்தம் முடிவு மாறிற்றன்று. இவ்வறிவெல்லாம் இயற்கை ஒளி. இவ்வொழுக்கம் உலக வாழ்வுக்கு நன்று. வீட்டுக்கு வாயில் கிறிஸ்துவின்பால் விசுவாசம் ஒன்றே என்றார்.

தமிழர் இதனை வாளா கேட்டிருந்தாரல்லர். 1712 முதல் 1714 வரை, சமயப் பொருள்பற்றி ஐயரும் அவருடன் பணிசெய்த கிருந்தலர் என்பாரும் விடுத்த வினாக்களுக்குத் தமிழ்ப் பெருமக்கள் ஏறத்தாழ நூறு கடிதங்கள் விடையாக வரைந்தனர். அவை ஜெர்மன் மொழியிற் பெயர்க்கப்பட்டு ஹாலேயில் அச்சேறின. நேரில் நிகழ்ந்த உரையாடல்களின் தொகுதியொன்று 1719-ஆம் ஆண்டு இலண்டனில் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. அவற்றில் மீண்டும் மீண்டும் எழும் தடை ஒன்று. எச்சமயத்து நிற்போனும் அறஞ்செய்து பாவத்தின் நீங்குவானாயின் நற்கதி அடைவான். அறத்தைக் கைவிட்டவன் எச்சமயத்தான் ஆயினும் அடையான். கட்குடியிலும் காமத்திலும் உழலும் கோட்டைக் கிறித்தவர் விசுவாசத்தால் வீடெய்துவர் எனின் அவ்வீடு எமக்கு வேண்டா என்பது. இத்தடைக்கு ஐயர் இறுத்த விடை, அன்னோர் பெயர்க்கிறித்தவரே, விசுவாசம் உள்ளவராயின் அங்ஙனம் ஒழுகார் என்பதாம். கனியைக் கொண்டே மரத்தை அறியலாம் என்று இங்கே ஒப்புக்கொண்டார்.

இவ்விடத்து நாம் ஒரு வினா எழுப்புதல் தவறாகாது. கனியில்லாமையால் கோட்டைக் கிறித்தவரிடம் மரம் இல்லை என்று துணிந்தவர், கனி நிறைந்திருக்கத் தாமே கண்ட தமிழரிடத்து மரம் இல்லை என்று எங்ஙனம் துணிந்தார்? கனி மரத்துக்குச் சான்றாயின் இருபாலும் சான்றாதல் வேண்டும். சான்றன்று எனின் ஒருபாலும் ஆகாது. அவருடைய நூல்களிலும் கடிதங்களிலும் இம்முடிச்சு அவிழ்ந்ததாக யாம் காணவில்லை. 1713-ஆம் ஆண்டில் தமிழர் வழிபடு தெய்வங்களைப் பற்றி அவர் விரிவாக எழுதி ஹாலேக்கு விடுத்த நூலைப் பிராங்கே அச்சிட மறுத்தார். அஞ்ஞானத்தை ஒழிக்க விடுக்கப்பட்டவர் அதனை ஐரோப்பாவிற் பரப்புதல் தகாது என்பது அவர் எண்ணம். அந்நூல் 1867-ஆம் ஆண்டிலேதான் சென்னையில் அச்சாயிற்று. ஆசிரியர் அஞ்சியதை மாணவர் அஞ்சவில்லை என்பது மட்டில் தெளிவு.

மறுபுறம், கடிதம் வரைந்த தமிழர் கூற்றும் நம் சித்தாந்த முடிபு ஆகாது. அறமே வீடு தரும் என்பது சைவ சித்தாந்தம் அன்று. தீவினை இரும்பு விலங்கு ஆயின் நல்வினை பொன் விலங்கு. இரண்டும் பிறவிக்கே வித்து. இருவினையொப்பும் மலபரிபாகமும் வாய்ந்தவழிச் சத்திநிபாதம் நிகழ, அருளால் வீடு கூடும் என்பது நம் ஆசிரியர் துணிபு. இவ்வளவிற்கு லுத்தரும் நம்மவரும் ஒருபுடை ஒத்தவரே. யான் செய்தேன் என்னும் முனைப்பு இருசாரார்க்கும் பகை. வேறுபாடு பெரிது: அவர்க்கு அருள், கிறிஸ்துவின் மரணத்தை நம்பிய அளவில் ஒருங்கே அளிக்கப்படுவது, நமக்கு உயிரின் பக்குவத்துக்கேற்பப் படிமுறையிற் பதிவது. சொல்லாலும் ஒரு மயக்கம் உண்டு. தமிழ்க் கிறித்தவர் வேதப்புத்தகத்திற் கிரியை என்னுஞ் சொல் செயல் என்னும் பொதுப்பொருளில் வரும். சைவர் காதில் அது சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நான்கனுள் இறைவன் பூசையைக் குறிக்கும். இரு திறத்தாரும் வாதிடும்போது ஒரு சொல்லை இரு பொருளில் வழங்கி வீணே மாறுபட்ட இடங்கள் பலவாம்.

புதிய ஏற்பாட்டின் தமிழ்மொழிபெயர்ப்பை அவர் 1708-இல் தொடங்கி 1711-இல் முடித்தார். இலண்டன் சங்கத்தார் அச்சுப்பொறியும் ஹாலேயார் தமிழெழுத்துக்களும் விடுக்க, அது 1714, 1715-ஆம் ஆண்டுகளில் தரங்கம்பாடியிலேயே அச்சேறிற்று. பொறையாற்றிற் காகித ஆலையும் அமைந்தது. இடையே ஐரோப்பா சென்று, மரியா டொரோத்தேயா என்னும் மங்கையை மணந்து, 1716-ஆம் ஆண்டு மீண்டார். அவ்வாண்டே அவரெழுதிய தமிழ் இலக்கண நூல் ஹாலேயில் வெளியாயிற்று. 1718-ஆம் ஆண்டு புது எருசலேம் என்னும் பெருங்கோயில் கட்டி முடிந்தது.

அக்கோயிலே அவர்க்கு வினையாயிற்று. 1714-ஆம் ஆண்டு கோப்பனேகனில் ஏற்படுத்தப்பட்ட மிஷன் சங்கத்தின் செயலாளராகிய வெண்ட் என்பார், தரங்கம்பாடிப் போதகர் செய்வதெல்லாம் புறத்தொழில் என்று குறைகூறிக் கடிய கடிதங்கள் வரைந்தார். அப்போஸ்தலர் கட்டடங் கட்டினரோ, பள்ளி நடத்தினரோ, புதியோர்க்கு உணவும் பொருளும் அளித்தனரோ. கையில் ஒன்றுமின்றி ஊரூராய்ச் சென்று சொல்லை மட்டும் விதைத்தல் அன்றோ விசுவாசத்துக்கு அடுத்த முறை என்பது அவர் வாதம். கேட்பார்க்கு இதுவும் லுத்தர் வழியே போலத் தோன்றும்.

தமிழர்பால் நற்செயல் வீடு தாராது என்று பன்னிரண்டு ஆண்டுகள் வாதிட்டவர், இப்பொழுது தம் நாட்டார்பால் நற்செயலுக்காக வாதிட நேர்ந்தது. உயிர்க்குச் செய்யும் தொண்டும் உடம்புக்குச் செய்யும் தொண்டும் ஒன்றோடொன்று பிணைந்தன, ஒன்றைவிட்டு ஒன்று நில்லாது என்று அவரும் கிருந்தலரும் விடை எழுதினர். பசித்த பிள்ளைக்கு உணவின்றி எழுத்துக் கற்பித்தல் எங்ஙனம்? சாதியாராற் புறந்தள்ளப்பட்டுத் தொழிலிழந்து நிற்போனைச் சொல்லொன்றாற் போற்றுதல் எங்ஙனம்? மேலைநாட்டிலிருந்து எழுதுவோர் அறியாத இவற்றைத் தெருவில் நின்றோர் அறிந்திருந்தனர். ஹாலே முற்றத்திற் கண்டதையே ஐயர் தரங்கம்பாடியிற் செய்தார். அவர் மனத்தில் இவ்விரு வாதங்களும் முரணவில்லை: வீட்டுக்கு விலையாக வைப்பின் நற்செயல் பயனற்றது, வீடு பெற்றோன் கையினின்று ஒழுகுவதாயின் அதனைத் தடுப்போன் விசுவாசத்தையே தடுக்கின்றான். வேலூரினின்று சவ்வாது மலைக்கு மருந்து சுமந்து ஏறுவோரது கருத்தும் கொள்கையளவில் இதுவே என்று, எம்மை வினவிய அன்பர்க்குக் கூறலாம்.

அக்கடிதங்கள் அவரது நோய்ப்பட்ட உடம்பைப் பெரிதும் வாட்டின. பழைய ஏற்பாட்டின் மொழிபெயர்ப்பு ரூத்தின் சரித்திரத்தளவில் நின்றுபோக, 1719-ஆம் ஆண்டு பெப்ருவரி 23-ஆம் நாள், முப்பத்தாறாவது அகவையில் உயிர்நீத்தார். தாம் கட்டிய புது எருசலேம் கோயிலுள் அடக்கம் செய்யப்பட்டார். மறு ஆண்டு கிருந்தலரும் இறந்து ஆண்டே அடக்கமாயினார்.

வாதம் அவரோடு அடங்கவில்லை. தேம்பாவணி செய்த வீரமாமுனிவர் உரோமைச் சபையின் பக்கம் நின்று, தரங்கம்பாடியாரை மறுத்து வேதவிளக்கம், பேதகமறுத்தல் முதலிய உரைநடை நூல்களைத் தமிழில் இயற்றினார். ஐரோப்பியரது சமயப்போர் தமிழ் உரைநடைக்கு உரமானது ஒரு விந்தையே. உரோமைச் சபையாரும் லுத்தர் சபையினரும் இப்பொருள்பற்றி ஓர் உடன்பாட்டு அறிக்கையில் ஒப்பமிட்டது 1999-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள். இடம், பழைய அறிக்கை பிறந்த அதே ஆக்ஸ்புர்க்கு நகரம். அருளால் மட்டுமே மனிதன் ஏற்கப்படுகின்றான், நற்செயல் அதனைத் தொடர்ந்து விளைவது என்பதில் இருசாரார்க்கும் கருத்தொப்புமை உண்டென அவ்வறிக்கை கூறுகின்றது.

சீகன்பால்கையர் மணலில் எழுதிப் பயின்ற தமிழால் பெயர்த்த நீதிவெண்பாவும் கொன்றைவேந்தனும் உலகநீதியும், ஏட்டிலேயே கிடந்து, 1930-ஆம் ஆண்டு காலண்ட் என்னும் ஆசிரியரது பதிப்பாக ஆம்ஸ்டர்டாம் நகரில் வெளிவந்தன. மொழிபெயர்த்தவர் மறைந்து அப்பொழுது 211 ஆண்டுகள் கழிந்திருந்தன.